வாட்ஸ்அப் சாட்டா, மார்க்கெட்பிளேஸா, சொந்த வெப்சைட்டா, கடையா? கையால செஞ்சு விக்கறவங்களுக்கு ஒரு ஒப்பீடு

"வெப்சைட் ஒண்ணு போட்டுடலாமா?" சாப்பாட்டுப் பொருள் கையால செஞ்சு விக்கற யாரப் பாத்தாலும் கடைசில இந்தக் கேள்விக்குத்தான் வந்து நிக்கறாங்க. வீட்டுக் கிச்சன்லயோ வாடகைக்கு எடுத்த ஒரு சின்ன ரூம்லயோ ஆரம்பிச்சது, தெரிஞ்சவங்க வாங்கினாங்க, அவங்க சொல்லி இன்னும் கொஞ்சம் பேர் வந்தாங்க, இப்ப வாரத்துக்கு 30, 40 ஆர்டர்ல அப்படியே நின்னுபோச்சு, மேல ஏறவும் மாட்டேங்குது, விட்டுட்டுப் போகவும் மனசு வரல. அந்த நேரம் பாத்து யாராவது ஒருத்தர் வந்து, பிராண்டிங் பண்ணு, ஆன்லைன்ல போ, எல்லாம் தானா வரும்னு சொல்லிட்டுப் போயிடுவாரு.

நானும் அந்த இடத்துல ரெண்டு வருஷம் நின்னவதான். என்னோடது பாட்டில்ல அடைச்சு விக்கற பொருள். நாலு வழிலயும் போய்ப் பாத்தாச்சு, ரெண்டுல கையச் சுட்டுக்கிட்டேன். எது பெஸ்ட்னு ஒரே வார்த்தைல சொல்லத் தெரியாது, ஆனா எத வச்சு முடிவு பண்ணணும்னு சொல்லத் தெரியும்.

## எத வச்சு அளக்கறது

கை நேரம். இத யாருமே எழுதி வைக்கறதில்ல, அதனாலதான் முதல்ல சொல்றேன். கிளறுறது, அடைக்கறது, லேபிள் ஒட்டறது, போன்ல பதில் சொல்றது, டேப் ஒட்டறது எல்லாமே அதே ரெண்டு கைதான். ஒரு ஆர்டர் வந்ததுலேந்து பார்சல் போற வரைக்கும் எத்தன நிமிஷம் உங்க கை அதுல மாட்டிக்குது? இந்தக் கணக்கு இல்லாம லாபக் கணக்கு போட்டா அது பாதிக் கணக்கு.

கையில நிக்கற காசு. விக்கற விலைலேந்து கமிஷன், டெலிவரி, பேக்கிங், விளம்பரம், உடைஞ்சது, திரும்பி வந்தது எல்லாம் கழிச்சு மிச்சம் என்ன.

வாங்கினவங்க யாருன்னு நமக்குத் தெரியுமா. சாப்பாட்டுத் தொழில் நிக்கறதே திரும்பி வாங்கறவங்களால. அவங்க நம்பரோ மெயிலோ நம்மகிட்ட இருக்கா, இல்ல நடுவுல இருக்கறவங்ககிட்ட இருக்கா?

பொருள் தாங்குமா. எத்தன நாள், என்ன சூட்டுல, எத்தன கை மாறி. இதுல மட்டும் குத்துமதிப்பு வேணாம். காத்துப் புகாம அடைச்ச பொருள்ல பிஎச் (புளிப்பு அளவு, எண் கூடினா புளிப்பு கம்மி) 4.6க்கு மேல இருந்து, ஈரப்பதமும் போதுமான அளவு இருந்தா, உயிருக்கே ஆபத்தான பாட்டுலிசம்ங்கற உணவு விஷத்த உண்டாக்கற கிருமி வளர வழி இருக்கு. எண்ணெயில போட்டு வச்ச பூண்டு மாதிரி ஐட்டம் ரொம்ப நல்லாத்தான் தெரியும், வாசனையும் மாறாது, ஆனா உள்ள விஷம் இருக்கலாம். நீர்ச் செயல்பாடுன்னு ஒரு அளவு உண்டு, பொருள்ல கிருமிக்குக் கிடைக்கற ஈரம் எவ்வளவுன்னு சொல்றது, அது 0.85க்குக் கீழ இருந்தா பெரும்பாலான கெடுதல் கிருமிங்க வளராது. இந்த ரெண்டையும் லேப்ல குடுத்து டெஸ்ட் பண்ணிட்டு அப்புறம் காலாவதி தேதி போடுங்க. பக்கத்து வீட்டுக்குக் குடுத்து இதுவரைக்கும் ஒண்ணும் ஆனதில்லன்னு சொல்றது, ஒரு மாசம் குடோன்ல கிடக்கப் போற பாட்டிலுக்கு செல்லாது.

பணம் எப்ப வரும். இன்னிக்கா, ரெண்டு வாரம் கழிச்சா, 60 நாள் கழிச்சா.

## சாட்ல விக்கறது

இன்ஸ்டால போட்டோ, வாட்ஸ்அப்ல ஆர்டர். பெரும்பாலானவங்க ஏற்கனவே இதுலதான் இருக்கோம். வாட்ஸ்அப் பிசினஸ் ஆப் 2018ல வந்தது, அடுத்த வருஷமே கேட்டலாக் வசதியும் வந்துடுச்சு. இன்னும் நிறைய பேர் சொந்த நம்பர்லயே குடும்ப குரூப்புக்கு நடுவுல ஆர்டர் எடுத்துட்டு இருக்காங்க. முதல் வேலையா அத மாத்துங்க, செலவே இல்ல.

இதோட பலம் என்னன்னா பணம் முன்னாடியே வந்துடும், கமிஷன் கிடையாது, வாங்கறவங்க பேரு, போன தடவ என்ன வாங்கினாங்க, அவங்க பையனுக்குக் காரம் ஆகாதுங்கறது வரைக்கும் நமக்குத் தெரியும். புதுசா ஒரு பொருள் போட்டுப் பாக்க இத விட நல்ல இடம் இல்ல, 20 பேருக்கு அனுப்பி அன்னிக்கே பதில் வாங்கிடலாம்.

பலவீனம் கை நேரம். விலை என்ன, எங்க ஊருக்கு வருமா, எத்தன நாள் ஆகும், அப்புறம் சொல்றேன், ரெண்டு நாள் கழிச்சு சரி ஒண்ணு அனுப்புங்க, அட்ரஸ், பின்கோட் இல்ல, பணம் போட்டுட்டேன் பாருங்க, இன்னும் வரலயே. ஒரு பாட்டிலுக்கு இது. நான் ரெண்டு வாரம் நோட்டுல குறிச்சு வச்சுப் பாத்தேன், ஒரு ஆர்டருக்குப் பேச்சு மட்டும் 15 நிமிஷம், பேக்கிங் 5. 40 ஆர்டர்னா பேச்சுக்கு மட்டுமே 10 மணி நேரம். அது எனக்கு ஒரு முழு நாள் உற்பத்தி. ஆர்டர் 40ல ஏன் நின்னுச்சுன்னு அப்பதான் புரிஞ்சுது, வாங்க ஆள் இல்லாம நிக்கல, செய்ய நாள் இல்லாம நின்னுருக்கு.

கண்ணுக்குத் தெரியாத செலவு இன்னும் ரெண்டு இருக்கு. ஒரே மெசேஜ நிறைய பேருக்குத் தனித்தனியா அனுப்பற வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் லிஸ்ட்ல 256 பேர் வரைக்கும்தான் சேக்க முடியும், அதுவும் நம்ம நம்பர சேவ் பண்ணி வச்சவங்களுக்குத்தான் போய்ச் சேரும், அதனால ஆயிரம் பேர் இருக்காங்கன்னு நினைச்சுக்கறது வேற, மெசேஜ் போறது வேற. ரெண்டாவது, வீடு நம்மளோடது இல்ல. 2021 அக்டோபர் 4 அன்னிக்கு பேஸ்புக், இன்ஸ்டா, வாட்ஸ்அப் மூணும் சேர்ந்து கிட்டத்தட்ட ஆறு மணி நேரம் படுத்துச்சு, அன்னிக்கு எத்தன பேருக்கு கடையே காணாமப் போச்சு. வாங்கறவங்க லிஸ்ட்ட வாரா வாரம் ஒரு ஷீட்ல எடுத்து வச்சுக்கங்க, அந்த ஷீட்தான் உங்க சொத்து.

பிராண்டிங் காசு இங்க எங்க போகணும்? லோகோவுக்கு வேணாம். உங்க குரல், உங்க முகம், வேலை நடக்கற மேசை, அடுப்பு, இதுதான் இங்க பிராண்ட். அழகான டெம்ப்ளேட் போஸ்ட் போட்டதும் ஆர்டர் குறைஞ்சத நானே பாத்திருக்கேன், ஏதோ கம்பெனி போலன்னு நினைச்சுக்கிட்டாங்களாம்.

யாருக்கு இது சரி: வாரத்துக்கு 40க்குள்ள, சீக்கிரம் கெட்டுப்போற பொருள், ஆளுக்கு ஆள் மாத்திக் குடுக்கற பொருள். ஒரு ஆர்டர்ல சராசரியா மூணு பாட்டில் போனா இன்னும் கொஞ்ச நாள் தெம்பா ஓட்டலாம்.

## மார்க்கெட்பிளேஸ்

அமேசான் மாதிரி பொதுச் சந்தை, எட்சி மாதிரி கைவேலைக்குன்னு இருக்கற சந்தை. கூட்டம் ஏற்கனவே அங்க இருக்கு, தேடி வர்றவங்க கார்டோட வர்றாங்க, அதுதான் கவர்ச்சி.

நான் கையச் சுட்டுக்கிட்ட ரெண்டுல இது ஒண்ணு. கமிஷன் மட்டும்தான் செலவுன்னு நினைச்சு விலை போட்டேன். விலை 100னு வச்சுக்குங்க. கமிஷன் போச்சு, அப்புறம் ஒரு நிலையான கட்டணம், எடைக்கு டெலிவரி, தேடும்போது மேல வரணும்னா விளம்பரம், உடைஞ்சதுக்கு ரீஃபண்ட். எல்லாம் போக என் கணக்குல 65 வந்துச்சு, அதுல செய்யற செலவு 40. மிச்சம் 25, அதுவும் என் கூலி கழிக்காம.

எடை விஷயத்துல ஒரு பொறி இருக்கு, இது சொந்த வெப்சைட்டுக்கும் பொருந்தும். கூரியர்க்காரங்க நிஜ எடையையும் கன அளவு எடையையும் பாத்து எது கூடவோ அதுக்குத்தான் பில் போடுவாங்க. நீளம், அகலம், உயரம் மூணையும் சென்டிமீட்டர்ல பெருக்கி பல கம்பெனிங்க 5000ஆல வகுக்கறாங்க. 30, 20, 15ன்னு ஒரு டப்பா எடுத்தா 9000, வகுத்தா 1.8 கிலோ. உள்ள இருக்கறது 600 கிராம் பொருள். கண்ணாடி பாட்டில் உடையக்கூடாதுன்னு பெரிய டப்பால பஞ்சு மாதிரி அடைச்சு அனுப்பினேன் பாருங்க, காத்துக்குக் கூலி குடுத்திருக்கேன். டப்பா சைஸ மாத்தினதுல மிச்சமான காசு எந்த பிராண்டிங்லயும் எனக்கு வந்ததில்ல.

இன்னொண்ணு பார்கோடு. 1974 ஜூன் 26ல ஒரு சூயிங்கம் பாக்கெட்ல முதல் தடவ ஸ்கேன் பண்ணாங்க, இன்னிக்கு அது இல்லாம பெரிய சந்தை எதுலயும் நுழையறது கஷ்டம். பார்கோடு நம்பர் குடுக்கற ஜிஎஸ்1ங்கற அமைப்புகிட்ட நேரா வாங்குங்க. சீப்பா கிடைக்குதுன்னு வெளில வாங்கினா அந்த நம்பர் வேற யாரோ பேர்ல பதிவாகி இருக்கும், லிஸ்டிங் நின்னுடும்.

முக்கியமான இழப்பு, வாங்கினவங்க நமக்குக் கிடைக்க மாட்டாங்க. எங்க வாங்கினன்னு கேட்டா சந்தை பேரத்தான் சொல்லுவாங்க, நம்ம பேர சொல்ல மாட்டாங்க. நம்பர் மறைச்சுதான் வரும், டப்பாவுக்குள்ள எங்க சைட்டுக்கு வாங்கன்னு நோட்டீஸ் வச்சா பல சந்தைல விதி மீறல். அவங்க குடோன்ல ஸ்டாக் வச்சா தேதி முடியறதுக்குப் பல வாரம் முன்னாடியே எடுத்துடுவாங்க, அதனால மூணு மாசம் தாங்கற பொருளுக்கு நிஜமா விக்கறதுக்குக் கிடைக்கற நாள் ரொம்பக் குறைவு.

பிராண்டிங் காசு போக வேண்டிய இடம்: முதல் போட்டோ, முதல் ரெண்டு வரி, ரிவியூ. அவ்வளவுதான். உங்க பாட்டி கதை அங்க யாரும் படிக்க மாட்டாங்க.

யாருக்கு இது சரி: ஆறு மாசத்துக்கு மேல தாங்கணும், உடையக்கூடாது, எடை கம்மியா விலை கூடுதலா இருக்கணும், ஜனங்க அந்தப் பொருள் பேர டைப் பண்ணித் தேடற வழக்கம் இருக்கணும். பேரே புதுசான பொருள்னா யாரு தேடுவா?

## சொந்த வெப்சைட்

ஷாப்பிஃபை மாதிரி ரெடிமேட் ஆன்லைன் கடைய மாச வாடகைல போடலாம், வேர்ட்பிரஸ்ல வூகாமர்ஸ்ங்கற கடை சாஃப்ட்வேர் வச்சு நாமளே பாத்துக்கற மாதிரியும் போடலாம். முதலாவதுல காசு ஜாஸ்தி, தலைவலி கம்மி. ரெண்டாவது அப்படியே தலைகீழ். அப்டேட் பண்ண ஆள் இல்லன்னா வூகாமர்ஸ் பக்கம் போகாதீங்க, ஒரு நாள் பேமென்ட் பட்டன் வேலை செய்யாது, உங்களுக்கு நாலு நாள் கழிச்சுதான் தெரியும்.

இதோட பலம் ரொம்ப எளிசு. சாட்ல 15 நிமிஷம் பேசினது இங்க ஒரு நிமிஷம் கூட ஆகாது. விலை, டெலிவரி, தேதி, என்னென்ன சேர்த்திருக்கு எல்லாத்துக்கும் பக்கமே பதில் சொல்லிடும், அட்ரஸ அவங்களே டைப் பண்ணுவாங்க, லிஸ்ட்டும் நம்மகிட்டயே இருக்கும்.

ஆனா கடை திறந்தது யாருக்குத் தெரியும்? நடுக்காட்டுல கடை விரிச்ச மாதிரிதான். நான் போட்ட முதல் மாசம் வந்த ஆர்டர் எல்லாமே நானே வாட்ஸ்அப்ல லிங்க் அனுப்பி வந்தது. அது தோல்வின்னு அப்ப நினைச்சேன், இப்ப யோசிச்சா அதுதான் சரியான பயன். புது ஆள் பிடிக்கறதுக்கு வெப்சைட்ட நம்பினா விளம்பரச் செலவு கழுத்தப் பிடிக்கும், பழைய ஆளுங்க பேசாம வாங்கிட்டுப் போறதுக்குன்னு போட்டா முதல் வாரத்துலேந்தே கை நேரம் மிச்சமாகும்.

ஆன்லைன் கூடைல (கார்ட்) பொருளப் போட்டுட்டு வாங்காமப் போறவங்க உலகம் முழுக்க சராசரியா 70 சதவீதம்னு பல ஆய்வுகள சேத்துப் பாத்து சொல்றாங்க, கடைசிப் பக்கத்துல திடீர்னு வர்ற டெலிவரி காசுதான் பெரிய காரணம். அதனால டெலிவரி காச முதல் பக்கத்துலயே சொல்லிடுங்க, இல்லன்னா மூணு பாட்டில் சேர்ந்த காம்போ போட்டு விலைக்குள்ளயே அடக்கிடுங்க. ஒரு பாட்டில் ஆர்டரையே எடுக்காதீங்கன்னு கூட சொல்லுவேன், ஆனா புதுசா ருசி பாக்க வர்றவங்க போயிடுவாங்க, அதுக்கு ஒரு சின்ன சாம்பிள் பேக் வைங்க.

அலர்ஜி விவரம் வெப்சைட் பக்கத்துலயே இருக்கணும். ஐரோப்பிய யூனியன்ல 14 அலர்ஜிப் பொருள் கட்டாயம் சொல்லணும், ஆன்லைன்ல வாங்கறதுக்கு முன்னாடியே அது தெரியணும். அமெரிக்காவுல 9, எள்ளு அந்த லிஸ்ட்ல 2023லதான் சேந்துச்சு. உங்க நாட்டு விதி என்னன்னு பாத்துட்டு எழுதுங்க, லேபிள்ல இருக்கே போதும்னு விடாதீங்க.

கண்ணுக்குத் தெரியாத செலவுல எனக்கு மறக்காதது டொமைன், அதாவது வெப்சைட்டோட அட்ரஸ் பேர். சைட் போட்டுக் குடுத்தவர் அவர் பேர்லயே டொமைன் வாங்கியிருந்தாரு, நான் கவனிக்கல. புதுப்பிக்கற நேரம் வந்தப்ப ஆள் போன எடுக்கல, ரெண்டு மாசம் அலைஞ்சுதான் பேர் கைக்கு வந்துச்சு. அந்த வெப்சைட் அட்ரஸ லேபிள்ல வேற அச்சடிச்சிருந்தேன். டொமைன், பேமென்ட் அக்கவுன்ட், விளம்பர அக்கவுன்ட் மூணும் உங்க மெயில்ல, உங்க பேர்ல இருக்கணும்.

யாருக்கு இது சரி: திரும்பத் திரும்ப வாங்கறவங்க குறைஞ்சது 100 பேராவது இருக்கணும், பொருள் ரெண்டு மூணு மாசத்துல தீர்ந்து மறுபடி வேணுங்கற மாதிரி இருக்கணும். பரிசு குடுக்கற பொருளுக்கும் நல்லா ஓடும்.

## கடை வழியா

டிஜிட்டல் பத்திப் பேசறப்ப கடை எதுக்குன்னு கேக்கலாம். கணக்கு போட்டுப் பாக்காம இருந்திருந்தா நானும் இத ஒதுக்கியிருப்பேன்.

முதல்ல ஒரு குழப்பத்தத் தீர்த்துடறேன். கடைக்காரர் 40 சதவீதம்னு சொன்னா பல இடத்துல அது விக்கற விலைல 40. அதாவது 100க்கு விக்கற பாட்டில அவருக்கு 60க்குக் குடுக்கணும். நாம நம்ம விலை மேல 40 சதவீதம் ஏத்தி 100க்கு விப்பாருன்னு நினைச்சுக்கிட்டு நமக்கு சுமார் 71 வரும்னு கணக்கு போட்டு வச்சிருப்போம். பாட்டிலுக்கு 11 போச்சு, பல பேருக்கு லாபமே அந்த 11தான். எந்த விலை மேலன்னு கேட்டு எழுதி வாங்கிக்குங்க.

இப்ப கை நேரக் கணக்கு. 60ல செய்யற செலவு 40, அட்டைப்பெட்டி 2, மிச்சம் 18. அசிங்கமா இருக்கு இல்ல? ஆனா 48 பாட்டில் ஒரே நடைல போகுது, கொண்டு போறது, பில், பணம் கேட்டு ரெண்டு தடவ நடக்கறது எல்லாம் சேர்த்து 3 மணி நேரம் வைங்க. மொத்த மிச்சம் 864, 180 நிமிஷம், நிமிஷத்துக்கு 4.8. சாட்ல ஒரு பாட்டில் ஆர்டர்ல 100லேந்து செய்யற செலவும் பேக்கிங்கும் போக மிச்சம் 55, நிமிஷம் 20, நிமிஷத்துக்கு 2.75. கமிஷனே இல்லாத வழிய விட, பாதி விலைக்குக் குடுக்கற மாதிரி தெரியற வழி எனக்கு ஜாஸ்தி குடுக்குது. அதே சாட்ல மூணு பாட்டில் காம்போ போனா மிச்சம் 172, நிமிஷத்துக்கு 8.6, அப்ப சாட்தான் ராஜா. இந்தக் கணக்குல உங்க நம்பரப் போட்டுப் பாருங்க, விடை மாறலாம்.

கடைல மாட்டறது பணம் வர்ற நாள். விற்றதும் தர்றேன்னு சொல்றவங்ககிட்ட ஸ்டாக் வச்சா அது உங்க பணம் அவங்க அலமாரில தூங்கறது. முதல் தடவ கம்மியா, 12 பாட்டில் குடுங்க, ஆனா காசுக்குக் குடுங்க. தேதி முடிஞ்சத யாரு ஏத்துக்கணும், சாம்பிள் யாரு காசுல, இதெல்லாம் முன்னாடியே பேசிடணும். நடுவுல டிஸ்ட்ரிபியூட்டர் வந்தா அவருக்கு ஒரு பங்கு, அப்ப 60ம் நிக்காது.

பிராண்டிங் காச முழுசா லேபிளுக்குப் போட வேண்டிய ஒரே வழி இது. உங்களுக்குப் பதிலா பேசறது அது மட்டும்தான். அலமாரில மத்த பாட்டில் நடுவுல வச்சு, நாலு அடி தள்ளி நின்னு, இது என்ன பொருள்னு மூணு செகண்ட்ல தெரியுதான்னு பாருங்க. நான் பேர பெருசா போட்டு என்ன பொருள்ங்கறத பொடி எழுத்துல போட்டிருந்தேன், ஜனங்க ஷாம்பூன்னு நினைச்சுத் திருப்பி வச்சாங்க.

யாருக்கு இது சரி: ஒவ்வொரு பேட்சும் ஒரே மாதிரி வரணும், கையில ரெண்டு மாசம் தாக்குப்பிடிக்கக் காசு இருக்கணும், செய்யற செலவு விக்கற விலைல பாதிக்குக் கீழ இருக்கணும்.

## ஒரே பார்வைல

| | சாட் | மார்க்கெட்பிளேஸ் | சொந்த வெப்சைட் | கடை |
|---|---|---|---|---|
| ஒரு ஆர்டருக்குக் கை நேரம் | ரொம்ப ஜாஸ்தி | கம்மி | கம்மி | மொத்தமா போறதால கம்மி |
| கையில நிக்கற காசு | ஜாஸ்தி | குறைவு | விளம்பரத்தப் பொறுத்தது | குறைவு |
| வாங்கினவங்க விவரம் | நம்மகிட்ட | கிடைக்காது | நம்மகிட்ட | கிடைக்காது |
| பொருள் எவ்வளவு தாங்கணும் | சில நாள் போதும் | ஆறு மாசத்துக்கு மேல | ஒரு மாசத்துக்கு மேல | மூணு மாசத்துக்கு மேல |
| பணம் | உடனே | சில நாள், வாரம் | சில நாள் | 30லேந்து 60 நாள் |
| பிராண்டிங் காசு எதுக்கு | முகம், குரல் | போட்டோ, ரிவியூ | பக்கம், மெயில் | லேபிள் |

## பேரு மட்டும் எல்லாத்துக்கும் பொது

எந்த வழில போனாலும் லேபிள் அச்சடிக்கறதுக்கு முன்னாடி பேர ஒரு தடவ சோதிச்சுடுங்க. போன்ல யார்கிட்டயாவது ஒரே ஒரு தடவ சொல்லி டைப் பண்ணச் சொல்லுங்க, தப்பா அடிச்சா அந்தப் பேர் ஆன்லைனுக்கு ஆகாது. அப்புறம் டிரேட்மார்க் தேடல். உலக அளவுல 45 வகுப்பா பிரிச்சு வச்சிருக்காங்க, சாப்பாட்டுப் பொருள் பெரும்பாலும் 29லயோ 30லயோ வரும்: ஜாம், எண்ணெய், பால் பொருள் 29, பிரெட், தேன், மசாலா, சாக்லேட் 30. சுத்தமான, நாட்டு, வீட்டு ருசின்னு பொருள வர்ணிக்கற பேருக்குப் பதிவு கிடைக்கறது கஷ்டம், அப்படியே கிடைச்சாலும் அதே பேர்ல இன்னும் பத்து பேர் இருப்பாங்க.

## சரி, எங்க நிக்கறீங்க

மூணு நாள்தான் தாங்கும் பிரெட் சுடறவங்க வெப்சைட், சந்தை ரெண்டையும் மறந்துடுங்க. சாட்லயே இருங்க, ஆனா வாரத்துக்கு ரெண்டு நாள் மட்டும் ஆர்டர், முந்தின நாள் ராத்திரியோட க்ளோஸ்னு கட்டுப்பாடு வைங்க, ஒரு எளிய ஃபார்ம் லிங்க் போதும். பேச்சு பாதியா குறையும்.

தேன், மசாலாப் பொடி மாதிரி ஒரு வருஷம் தாங்கற பொருள் வச்சிருக்கறவங்களுக்கு நாலு வழியும் திறந்திருக்கு, அதுதான் ஆபத்தே. நாலையும் ஒரே சமயத்துல தொட்டா ஸ்டாக் கணக்கு கலங்கிடும், சந்தைல வித்த பாட்டில கடைக்குத் தூக்கிக் குடுத்துட்டு ஆர்டர கேன்சல் பண்ணுவீங்க, சந்தை உங்களத் தண்டிக்கும். முதல்ல பழைய ஆளுங்கள வெப்சைட்டுக்கு நகத்துங்க, மிச்சமான நாள்ல உற்பத்திய ஏத்துங்க, அந்தக் கூடுதல் சரக்குக்குத்தான் ரெண்டு கடையோ ஒரு சந்தையோ.

சாக்லேட், சீஸ் மாதிரி குளுமை வேணுங்கற பொருள்னா டெலிவரி செலவப் போட்டுப் பாத்தாலே பாதி முடிவு ஆயிடும். ஐஸ் பேக், தெர்மோகோல், அடுத்த நாளே போற கூரியர் எல்லாம் சேர்ந்து விக்கற விலைல மூணுல ஒரு பங்கத் தாண்டினா, ஃப்ரிட்ஜ் வச்சிருக்கற நாலு நல்ல கடையப் பிடிங்க. வெப்சைட்ல விலைப்பட்டியலுக்குப் பதிலா எந்தெந்தக் கடைல கிடைக்கும்னு மட்டும் போடுங்க. என் தோழி ஒருத்தி ஒரு வருஷமா அப்படித்தான் ஓட்டறா, அவ சைட்ல வாங்கற பட்டனே கிடையாது.